ஈரம் காய்வதற்குள்

குழாயை மூடியாயிற்று, இனி மூன்று நிமிடம். தோல் டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார், குளித்த மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே, காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான் என்று. அன்றிலிருந்து குளியலறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி ஆகிவிட்டேன், இந்த அறுபது வயதில். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். கழுத்தில் ஒற்று, கைமடிப்பில் ஒற்று, முழங்காலுக்குப் பின்னால் ஒற்று. அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா? போட்டிருக்கிறேன். ஜன்னல் திரை இழுத்திருக்கிறது. கூடத்தில் நர்மதா குழந்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், குரல் வருகிறது, வார்த்தை வரவில்லை. என் மகனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம், பெண்ணைப் பெற்று நாலு மாதம். நிரஞ்சன் ஆபீஸ் போயாகிவிட்டது. இவர் பூங்காவில் நடந்துவிட்டுப் பேப்பர் வாங்கிக்கொண்டு வர இன்னும் அரைமணி ஆகும். வெள்ளை பாட்டில், மேலே அழுத்துகிற மூடி, இரண்டு அழுத்து ஒரு கைக்கு. விரலை விட்டு எடுக்கிற டப்பா வேண்டாம், நம் விரல் அழுக்கே உள்ளே போய்விடும் என்று டாக்டரம்மா இதை எழுதிக் கொடுத்தார். வறண்ட தோல் வெடிக்கும், வெடிப்பில் கிருமி போய் உட்காரும், அது உட்கார்ந்தால் அரிக்கும், அரித்தால் சொறிவீங்க, சொறிந்தால் இன்னும் வெடிக்கும், இந்த க்ரீம் ஈரத்தையும் பிடித்துவைக்கும், கிருமியையும் பெருக விடாது. எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். அறுபது வருஷத்துக் கதை, ஐந்து நிமிடத்தில். தை மாதத்தில் கோயம்புத்தூர்க் காற்று உடம்பில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, முழங்கையைத் தொட்டால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கிறது. இந்தக் கையால் எப்படித் தூக்குவது. நாலு மாதக் குழந்தையின் கன்னம், அது கன்னமா, கொழுக்கட்டை மாவு மாதிரி, இந்தக் கை பட்டால் கீறிவிடாதா. அதற்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். கீறிவிடும் என்பதற்காகத்தான் தூக்குவதில்லை என்று.

நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். நர்மதா உள்ளே ஈரோட்டிலிருக்கும் அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது, கேட்டது. "எல்லாம் பாத்துப் பாத்துச் செய்யறாங்கம்மா, சமையல் முழுக்க அவங்கதான், ஆனா பாப்பாவ மட்டும் தூக்கவே மாட்டேங்கறாங்க. குடுத்தா ஒரு துணியைப் போட்டு அதுமேல வாங்கி, உடனே தொட்டில்ல போட்டுர்றாங்க. பொண்ணாப் பொறந்ததுனாலயோ என்னமோ." அந்தக் கடைசி வாக்கியம். கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பொண்ணாப் பொறந்ததுனாலயோ என்னமோ. அடிப்பாவி, பெண் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய்ச் சத்தமில்லாமல் சிரித்தேன், உனக்குத் தெரியுமா. தெரியாது. நான் சொன்னால்தானே தெரியும். எதைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். என் கையைப் பார்த்து ஒருநாள் கேட்டாள், "ஏனுங்கத்தை, கை இப்படி வெடிச்சிருக்குது?" என்று. "பாத்திரம் தேய்க்கற சோப்பும்மா, ஒத்துக்கலை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. அதற்கப்புறம் பாத்திரம் தேய்க்க என்னை விடுவதில்லை அவள், ரப்பர் கையுறை வேறு வாங்கி வந்தாள், நல்ல பெண். ஒரு பொய்க்கு அவள் கையுறை வாங்கி வந்தாள். கை முடிந்தது. முடி சாய்கிற திசையிலேயே தடவ வேண்டும், மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடிக்கால் புண்ணாகும். கால். கணுக்காலில் அந்தப் பழைய கறுப்பு வட்டம், ஐந்து ரூபாய்க் காசு அளவு, பள்ளிக்கூடத்தில் அதைக் காலுறைக்குள் மறைத்துவைத்தேன், வெயில் காலத்தில்கூட. கரப்பான் என்றார்கள், சொறி என்றார்கள், கத்தரிக்காய் போடாதே, கருவாடு போடாதே, பக்கத்தில் உட்காராதே. எக்ஸிமா என்ற பேர் எனக்குத் தெரிந்ததே இருபத்துமூன்று வயதில். சொன்னவள் ஜெசிந்தா.

இந்த வாசனை அவளுடையது. இதே க்ரீம் இல்லை, அவள் கொண்டுவந்தது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கலந்து கொடுக்கிற வெள்ளைக் களிம்பு, பீங்கான் ஜாடியில் இருக்கும், ஆனாலும் இதிலும் அடியில் அந்த மெல்லிய மருந்து நெடி இருக்கிறது, பூ வாசனை எதுவும் சேர்க்காத நெடி, மூக்கில் ஏறினதும் திருச்சி வந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, ஒரு அறைக்கு நாலு கட்டில், ஜன்னலில் தூரத்தில் மலைக்கோட்டை. நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். அவள் நர்ஸ், கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் தமிழ் எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. வந்த மூன்றாம் நாள், நான் தாவணியைப் போர்த்திக்கொண்டு சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டாள், "எட்டி சுலோசனா, முதுவுல என்னத்த வச்சிருக்க? இஞ்ச திரும்பு." எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "ஒண்ணுமில்லன்னா காட்டுததுக்கு என்ன? நான் நர்ஸாக்கும்." திரும்பினேன். எதற்குத் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, பெற்ற அம்மாவே அதுவரை ஒரு குச்சியில் பஞ்சு சுற்றித்தான் தைலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா குச்சி தேடவில்லை. மறுநாள் நைட் டியூட்டி முடிந்து காலை ஏழரைக்கு வந்தாள், கண் சிவந்து, தலையில் குத்தின தொப்பியைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து ஜாடியை எடுத்தாள், என்னைக் கட்டில் ஓரத்தில் ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தாள், நடு முதுகில் கையை வைத்தாள். வெறும் கை. குளிர்ந்த கை. அந்த வயது வரைக்கும் அந்த இடத்தில் வேறு மனிதக் கை பட்டதில்லை. நான் அழுதேன். "எரியுதா?" என்றாள். இல்லை என்றேன். "பின்ன எதுக்குட்டி கரையுத, சும்மா இரி" என்றாள்.

முதுகு. இப்போது முதுகு வர வேண்டும். தோள் வழியாக ஒரு கை, இடுப்பு வழியாக ஒரு கை, இரண்டும் சந்திக்காத ஒரு உள்ளங்கை அகலம் நடுவில் மிஞ்சிவிடுகிறது, முன்பெல்லாம் இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சும், தோள்பட்டை இறுகிப்போனதிலிருந்து உள்ளங்கை அகலமாகிவிட்டது. இவரிடம் கேட்கலாம். கேட்டால் போடுவார். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டதில்லை, அவரும் நான் போடட்டுமா என்று கேட்டதில்லை, தீர்ந்துபோவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே புது பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார், அது அவர் விதம். ஜெசிந்தா இரண்டு வருஷம், தினமும் காலையில். களிம்பைத் தொட்டு முதலில் முதுகில் ஏதாவது எழுதுவாள், நான் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்த பிறகுதான் தடவிவிடுவாள். பெரும்பாலும் அன்றைக்கு மெஸ்ஸில் என்ன என்று எழுதுவாள். இட்லி என்று எழுதினால் இரண்டு பேரும் முனகுவோம், விடுதி இட்லியைத் தூக்கி எறிந்தால் சுவர் உடையும். பூரி என்று எழுதினால் அரைகுறையாகத் துணியைச் சுற்றிக்கொண்டு நான் எழுந்து ஓடப் பார்ப்பேன், "தடவல்ல பாத்துக்கோ, இன்னும் தடவல்ல" என்று கத்திக்கொண்டு பின்னால் வருவாள். அந்தச் சிரிப்பு. அந்த வயதில் அப்படி ஒரு சிரிப்பு என்னிடம் இருந்தது என்று யாராவது சொன்னால் நிரஞ்சன் நம்புவானா. சிரிப்பு மட்டுமா இருந்தது. சாரதா என்று ஒருத்தி எங்கள் அறையிலேயே, வார்டனிடம் போய் எழுதிக்கொடுத்தாள், சுலோசனாவுக்குத் தொற்று வியாதி, அவளை வேறு அறைக்கு மாற்ற வேண்டும், குளியலறையில் அவளுக்குத் தனி வாளி வேண்டும் என்று. கீழே பதினோரு பேர் கையெழுத்து. அறையை மாற்றவில்லை, ஆனால் வாளி வந்தது. நீல வாளி, அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பட்டை. நான் அந்த வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்தேன், நான் எப்போதுமே அப்படித்தான், கொடுத்ததை வாங்கிக்கொள்வேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே ஜெசிந்தா. கதவைத் திறந்து வெளியே வந்தாள், தலையில் சொட்டச் சொட்டத் தண்ணீர், கையில் சிவப்புப் பட்டை போட்ட வாளி. வரிசையின் முன்னால் நின்ற சாரதாவிடம் வாளியை நீட்டி, "எக்ஸிமா தொத்தாது. தொத்துனா நாளைக்கு எனக்கு வரும், வந்து பாத்துக்கோ" என்றாள். கத்தவில்லை. மருந்து வேளை சொல்கிற குரலில் சொன்னாள். அடுத்த வாரம் அந்த வாளி எல்லாரும் எடுக்கிற வாளியாகிவிட்டது, சாரதாவே அதில் துணி ஊறவைத்திருந்தாள், நான் பார்த்தேன்.

ஜெசிந்தா மாதிரி ஒரு தரம் இருந்திருக்கிறேனா. ஒரு தரம் இருந்தேன், அதுவும் அவள் தள்ளிவிட்டதால்தான். இவர் என்னைப் பெண் பார்க்க வருகிறார் என்று எங்கள் ஊர் கரூரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா எழுதியிருந்தாள், முழுக்கை ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறேன், காலில் கொலுசு வேண்டாம், வட்டம் தெரியும், அவர்களிடம் எதையும் உளறிவைக்காதே என்று. ஜெசிந்தா படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். ஊருக்குக் கிளம்புகிற காலையில் முதுகில் மெதுவாக எழுதினாள், நீளமாக, எனக்குப் புரியவில்லை, இன்னொரு தரம் எழுது என்றேன், எழுதினாள். சொல்லிரு. "கலியாணம் கழிஞ்சு அவரு பாத்தா உனக்குத்தான் பயம். இப்ப சொன்னா வேண்டாம்னு போவாரு, அம்புட்டுத்தானே" என்றாள். மே மாதம், முழுக்கை ஜாக்கெட்டில் அவிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட் கையை முழங்கை வரை மடித்துக் காட்டினேன். எக்ஸிமா, பிறந்ததிலிருந்து இருக்கிறது, தொற்றாது, ஆனால் போகவும் போகாது, பிள்ளைகளுக்கு வந்தாலும் வரும், என்று ஒப்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் கையையே பார்த்தார். பிறகு, "இந்த வெயில்ல அது எதுக்குங்க முழுக்கை, மடிச்சே விட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எப்படி வந்தது அந்தத் தைரியம்? வந்தவர் வேண்டாம் என்று போயிருந்தால் போயிருப்பார், இழக்க என்ன இருந்தது என்னிடம். இப்போது இருக்கிறது. அதுதான். குழந்தையைக் கையில் வாங்கும்போதெல்லாம் முதலில் கண் போவது அதன் முகத்துக்கு இல்லை, கைமடிப்புக்கு. முழங்காலுக்குப் பின்பக்கம். காதுக்குப் பின்னால். சிவந்திருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா. பார்க்கப் பயம், அதனால் துணியைப் போட்டு வாங்குகிறேன், துணி போட்டால் என் கை அதன் தோலைத் தொடாது, தொடாவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் இல்லை. நிரஞ்சனுக்கு இருந்தது. ஐந்து வயது வரை கன்னம், மடிப்பு, எல்லா இடமும். கையில் உறை மாட்டித் தூங்கவைப்பேன், சொறிந்துகொள்ளாமல் இருக்க. பிறகு போய்விட்டது, சுத்தமாகப் போய்விட்டது, அவனுக்கு ஞாபகம்கூட இல்லை. அவன் கல்யாணத்தின்போது நர்மதாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றால் அது பொய். தோன்றியது. போய்விட்டதைப் போய் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஜெசிந்தா மஸ்கட் போய்விட்டாள், என் கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம். நீல நிறக் கடிதத்தாளில் எழுதுவாள், சின்ன எழுத்தில், ஓரமெல்லாம் நிரப்பி. அங்கே மணல் காற்றில் தன் தோலே வெடிக்கிறது, இப்போதுதான் உன் கஷ்டம் தெரிகிறது என்று ஒரு தரம் எழுதினாள். கடைசியாக வந்த கடிதத்தில், பையனுக்குத் தோல் எப்படி இருக்கிறது, சுகந்தானே என்று கேட்டிருந்தாள். அன்றைக்குத்தான் நிரஞ்சனின் கன்னம் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம், அவள் கேட்டதால்தான் வந்தது போல, அவள் கண் பட்டுவிட்டது போல. பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம், குணமான பிறகு எழுதலாம், நல்லபடியாகச் சொல்ல ஏதாவது இருக்கும்போது எழுதலாம். முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், முடி நரைத்திருக்குமா, முதுகில் பூசிக்கொள்ள அவளுக்கு யாராவது இருக்கிறார்களா. எல்லாரிடமும் ஒரே தப்பைத்தான் செய்கிறேன். நல்லபடியாகச் சொல்ல ஏதாவது வரட்டும் என்று காத்திருக்கிறேன். ஈரம் காய்ந்துவிட்டது, நடு முதுகு இன்று போகட்டும், புடவையை எடு, பாவாடை எங்கே வைத்தேன்.

கதவைத் தட்டும் சத்தம். "அத்தை? அத்தை, குளிச்சாச்சுங்களா? கொஞ்சம் கதவைத் திறங்களேன்." குரல் சரியில்லை. புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு திறக்கிறேன். நர்மதா நிற்கிறாள், குழந்தை வெறும் ஜட்டியோடு தோளில், அவள் மூக்கு சிவந்திருக்கிறது. "இங்க பாருங்கத்தை, மொழங்காலுக்குப் பின்னாடி. செவந்து போய்த் தடிச்சிருக்குது. ஒரு வாரமா லேசா இருந்துச்சு, இன்னைக்குப் பாருங்க." பார்க்க வேண்டியதில்லை. பார்க்கிறேன். இரண்டு மடிப்பிலும், ரோஜா நிறத்தில், ஓரம் சொரசொரவென்று, மேலே மெல்லிய செதில். கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். வேர்க்குரு என்று சொல்லலாம். துணிப்பட்டை உரசினது என்று சொல்லலாம். நாலு நாள் கழியும். "நர்மதா" என்கிறேன், "உக்காரும்மா. இது எக்ஸிமா மாதிரி இருக்கு. எனக்கு இருக்கறது அதுதான். பாத்திர சோப்பு இல்லை, பொறந்ததுல இருந்து இருக்கு. நிரஞ்சனுக்கும் அஞ்சு வயசு வரைக்கும் இருந்துச்சு. உங்கிட்ட நான் சொல்லலை." சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தபடி நிற்கிறாள். பூசினது பாதி, பூசாதது பாதியாக என் தோள் தெரிகிறது, இழுத்து மூடத் தோன்றவில்லை.

"ஏங்கத்தை சொல்லலை?" என்கிறாள். கோபம்தான். இருக்கட்டும், கோபம்தான் வர வேண்டும். "போன வாரம் நாந்தான் பாப்பாவுக்குச் சோப்பை மாத்தினேன். அதனாலதான் இப்படி ஆயிருச்சுன்னு தெனமும் அழுதுட்டிருக்கேன். அவருகிட்டச் சொல்லக்கூடப் பயந்துட்டு. எங்கம்மாகிட்டயும் சொல்லலை." இதை நான் நினைக்கவே இல்லை. என் வாய் மூடியிருந்ததற்கு இன்னொருத்தி அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. "உன்னால இல்லைடா தங்கம்" என்கிறேன், "சோப்பு கொஞ்சம் தூண்டி விட்டிருக்கலாம், அவ்வளவுதான். பாப்பாவோட தோலே இப்படி. எங்கிட்ட இருந்து வந்தது." அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அலமாரி மேலிருந்த வெள்ளை பாட்டிலைப் பார்க்கிறாள். "இதைப் போடலாங்களா?" "வேண்டாம். இது பெரியவங்களுக்கு எழுதிக் குடுத்தது, இதுல கிருமிக்கு மருந்து கலந்திருக்கு. பாப்பாவுக்கு என்ன போடணும்னு டாக்டர்தான் சொல்லணும். நான் இப்பவே போன் பண்றேன், மத்தியானம் கூட்டிட்டுப் போயிரலாம். அதுவரைக்கும் எதையும் போட்டுத் தேய்க்காத, வெறுந்தண்ணில தொடச்சு ஒத்தி எடு." போனை எடுக்க எழுந்தேன். "அதுக்குத்தான் தூக்க மாட்டேங்கறீங்களா?" என்று கேட்டாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் குழந்தையின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். துணியைத் தேடி என் கண் கட்டிலில் ஓடியது. "இருக்கட்டுங்கத்தை, வாங்குங்க" என்றாள்.

வாங்கினேன். கனம். நாலு மாதத்தில் இவ்வளவு கனமாகிவிட்டாளா, பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே. சூடான வயிறு என் முழங்கையில் அழுந்துகிறது, பூசின க்ரீமில் வழுக்கிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தால் கோபித்துக்கொண்டு காலை உதைக்கிறாள். சொரசொரப்பு அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. என் கைமேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள், வாயில் எச்சில் குமிழி. டாக்டரின் போன் நம்பரை நர்மதாவே தேடி எடுத்து அழைத்தாள், மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, காலை மடக்கிக் கட்டிலில் என் எதிரே நன்றாக உட்கார்ந்தாள். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, முகத்தில் இருக்கிறது. "அவருக்கு எப்ப ஆரம்பிச்சுது? மொதல்ல எங்க வந்துது? ராத்திரி தூங்குவாருங்களா? எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணு விடாம" என்றாள். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, அவனுக்கு மூன்றாம் மாதம் கன்னத்தில் ஆரம்பித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.